பட்டாளத்து வெள்ளிக் கடிகாரம்: பின்பக்கத்தைப் படிப்பது எப்படி?

அம்பாசமுத்திரத்தில் எங்கள் ஆச்சி வீட்டுக்கு ஊருக்குள் பெயர் 'பட்டாளத்தார் வீடு'. ஆச்சியின் மாமனார், எனக்குப் பூட்டன், முதல் உலகப் போரில் மெசபடோமியா (இன்றைய ஈராக்) வரைக்கும் போய்த் திரும்பியவர். அவர் கொண்டுவந்த சாமான்களில் மிஞ்சியது ஒன்றே ஒன்று: உள்ளங்கையை நிறைக்கிற வெள்ளிப் பாக்கெட் கடிகாரம். பித்தளை வெற்றிலைச் செல்லத்தில், மஞ்சள் துணி சுற்றி, பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் அது கிடக்கும். "சர்க்காரு குடுத்த கடியாரம்லா" என்பாள் ஆச்சி. சண்டையில் காட்டிய தைரியத்துக்கு வெள்ளைக்காரன் கொடுத்த பரிசு என்பதுதான் வீட்டில் மூன்று தலைமுறையாக ஓடிய பேச்சு.

ஆச்சி போன பிறகு அத்தை அதை என் கையில் கொடுத்தாள். ஓடவைக்க முடியுமா என்று கேட்கத்தான் திருநெல்வேலி டவுனில் ஒரு பழைய வாட்ச் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணாச்சிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வாங்கியதும் முள்ளைப் பார்க்கவில்லை, காதில் வைத்துக் கேட்கவில்லை. நேரே கவிழ்த்துப் போட்டு, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டார்.

"சர்க்கார் குடுத்ததுன்னு யாரு சொன்னா?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"எங்க ஆச்சி."

"வெள்ளியால்லா இருக்கு. சர்க்காரு சிப்பாய்க்கு வெள்ளில எங்க குடுத்தான்?"

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அன்று அவர் சொல்லிக்கொடுத்ததையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வீட்டுப் பீரோவில் இப்படி ஒரு கடிகாரம் இருந்து, அதை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு இது உதவும்.

மூன்று வகைப் பட்டாளக் கடிகாரம்

பட்டாளத்துக் கடிகாரம் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சாமான்களைச் சொல்கிறோம். முதலாவது, ராணுவமே வாங்கி, எண் போட்டு, வேலைக்காகச் சிப்பாய் கையில் கொடுத்தது. அது சர்க்கார் சொத்து. துப்பாக்கி மாதிரிதான், வேலை முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, பட்டாளத்துக்காரர் தன் சொந்தக் காசில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. மூன்றாவது, யாராவது அன்பளிப்பாகக் கொடுத்தது: ஊரார், உறவினர், கூட வேலை பார்த்த அதிகாரி.

இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுகிற முதல் அடையாளம் கோழிக்கால். பின்மூடியின் வெளிப்பக்கத்தில், மேல்நோக்கிய ஓர் அம்பு, மூன்றே கோட்டில், மண்ணில் கோழி மிதித்த தடம் போல இருக்கும். பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து எல்லாவற்றிலும் போடுகிற முத்திரை அது. பீரங்கியில் இருக்கும், துப்பாக்கியில் இருக்கும், இங்கிலாந்தில் கைதிகளின் உடுப்பில்கூட இருந்தது. அம்புக்குக் கீழே 'ஐ' என்ற ஆங்கில எழுத்து தனியாக நின்றால் அது இந்திய ராணுவத்தின் சொத்து. அம்பு இல்லாத கடிகாரத்தைச் சர்க்கார் கொடுத்தது என்று சொல்ல வேண்டுமானால் வேறு பலமான சான்று வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பாக்கெட் கடிகாரங்களில் அம்போடு ஜி.எஸ்.டி.பி. என்ற நான்கு எழுத்தும், கீழே ஒரு நீளமான எண்ணும் இருக்கும். பொதுப் படைவேலைக்கான கடிகாரம் என்பதன் சுருக்கம் அது. வால்தம், சைமா, ஹெல்வெட்டியா, மோரிஸ் என்று பல கம்பெனிகள் அவற்றைச் செய்துகொடுத்தன. பர்மா சண்டைக்குப் போய்வந்தவர்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

இப்போது அண்ணாச்சியின் கேள்விக்கு வருவோம். படைக்குக் கொடுத்த இந்தக் கடிகாரங்களின் கூடு அநேகமாக நிக்கல் பூசிய சாதாரண உலோகம். ஆயிரக்கணக்கில் வாங்குகிற சாமானுக்கு வெள்ளி போட எந்தக் கணக்குப்பிள்ளை சம்மதிப்பான்? விலை ஒரு பக்கம். வெள்ளி மிருதுவான உலோகம், சீக்கிரம் நசுங்கும், தேயும் என்பது இன்னொரு பக்கம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. கடலில் கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிடுவதற்காகக் கடற்படை வைத்திருந்த துல்லியமான கடிகாரங்கள் சில வெள்ளிக் கூட்டில், அம்புக்குறியோடு வந்தன. தரைப்படைச் சிப்பாயின் பையில் வெள்ளிக் கடிகாரம் இருந்தால், பெரும்பாலும் அது அவர் வாங்கியது, அல்லது அவருக்கு ஒருவர் கொடுத்தது.

எங்கள் கடிகாரத்தில் அம்பு இல்லை. அன்றைக்கு அது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது, மறைக்கவில்லை.

916 மாதிரி 925

தங்கத்துக்கு 916 என்றால் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். வெள்ளிக்கு அதேபோல் ஓர் எண் உண்டு: 925. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. இதைத்தான் ஸ்டெர்லிங் வெள்ளி என்கிறார்கள். பழைய இங்கிலாந்துச் சாமான்களில் எண்ணுக்குப் பதிலாகப் படம் இருக்கும்.

பின்மூடியைத் திறந்து, அதன் உள்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டார்ச் நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். கடுகு அளவில் மூன்று நான்கு முத்திரை வரிசையாக இருக்கும். ஒரு முன்காலைத் தூக்கி நடக்கிற சிங்கம் என்றால் ஸ்டெர்லிங் வெள்ளி. 1544 முதல் அந்தச் சிங்கம் இங்கிலாந்து வெள்ளியில் நடந்துகொண்டிருக்கிறது. அடுத்தது ஊர் முத்திரை: எந்த ஊரில் தரம் பார்த்தார்கள் என்பதற்கு. நங்கூரம் என்றால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன், வாளும் மூன்று கோதுமைக் கட்டும் என்றால் செஸ்டர். பர்மிங்ஹாமில் கடலே கிடையாது, ஆனாலும் 1773இல் அங்கே தரம் பார்க்கும் அலுவலகம் தொடங்கியதிலிருந்து நங்கூரம்தான் அடையாளம்.

மூன்றாவது ஒற்றை எழுத்து. இதுதான் முக்கியம். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் எழுத்து என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தார்கள். எழுத்து தீர்ந்ததும் எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியிருக்கும் கட்டத்தின் வடிவத்தையும் மாற்றி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். அதனால் எழுத்தை மட்டும் பார்த்து ஆண்டு சொன்னால் இருபத்தைந்து வருஷம் முன்னே பின்னே போய்விடும். ஊர் முத்திரை, எழுத்தின் சாய்வு, கட்டத்தின் விளிம்பு மூன்றையும் சேர்த்து அட்டவணையில் பார்க்க வேண்டும். இந்த அட்டவணைகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன.

ஸ்விட்சர்லாந்துக் கூடு என்றால் படம் வேறு. 1880ஆம் ஆண்டுச் சட்டப்படி 875 தர வெள்ளிக்கு ஒரு கரடி, 800 தரத்துக்கு ஒரு காட்டுக்கோழி. பிரிட்டனுக்குப் போகும் சரக்குக்காக 1887இல் 935 தரத்தையும் கொண்டுவந்தார்கள். அதற்கு மூன்று கரடி. பெரிய கரடி ஒன்று மேலே, சின்னது இரண்டு கீழே. நம் பக்கத்தில் கிடைக்கிற வெள்ளிக் கடிகாரங்களில் இந்தக் கரடிகள் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

முத்திரையே இல்லாமல் 'ஜெர்மன் சில்வர்', 'நிக்கல் சில்வர்', 'அல்பாக்கா' என்று எழுதியிருந்தால் அதில் வெள்ளி ஒரு குன்றிமணிகூட இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்தது. நம் வீட்டுச் சீர்ப் பாத்திரங்களில் பார்க்கும் அதே ஜெர்மன் சில்வர்தான். அதற்காக அந்தக் கடிகாரத்தை ஒதுக்கிவிட வேண்டாம். மேலே சொன்ன கணக்குப்படி, மங்கிப்போன நிக்கல் கடிகாரத்தின் முதுகில்தான் கோழிக்கால் இருக்க அதிக வாய்ப்பு.

எங்கள் கூட்டில் சிங்கமும் நங்கூரமும் தெளிவாக இருந்தன. எழுத்து பாதி தேய்ந்திருந்தாலும் அட்டவணையோடு பொருந்தியது. 1890களில் செய்தது. பூட்டன் பட்டாளத்தில் சேருவதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே பிறந்துவிட்ட கடிகாரம்.

சாவி கொடுப்பது

கடிகாரத்தை முடுக்குவதற்கு இன்றைக்கும் நாம் 'சாவி கொடுப்பது' என்றுதான் சொல்கிறோம். கைக்கடிகாரத்தில் சாவி ஏது? பக்கத்தில் ஒரு குமிழைத் திருகுகிறோம், அவ்வளவுதான். ஆனால் சுவர்க் கடிகாரத்துக்கும் பழைய பாக்கெட் கடிகாரத்துக்கும் நிஜமாகவே தனிச் சாவி இருந்தது. குமிழ் வைத்த கடிகாரங்கள் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பரவின. இங்கிலாந்துக்காரர்கள் மட்டும் பிடிவாதமாக அந்த நூற்றாண்டு முடிகிறவரை சாவிக் கடிகாரமும் செய்துகொண்டிருந்தார்கள்.

எங்களுடையது அந்த ரகம். பின்மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு வெள்ளித் தகடு, அதில் ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் சதுரமான ஒரு முனை. சாவி எப்போதோ தொலைந்துவிட்டது. அண்ணாச்சி மேசை டிராயரிலிருந்து நட்சத்திரம் மாதிரி ஒரு பித்தளைச் சாமானை எடுத்தார். ஐந்து முனை, ஐந்து அளவு. எல்லாக் கடிகாரத்துக்கும் பொருந்துகிற சாவி. அதை உடனே போட்டுத் திருகிவிடவில்லை. முன்பக்கக் கண்ணாடி வளையத்தைத் திறந்து, ஆறு மணிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினார். மொத்த மெஷினும் கதவு மாதிரி மேலே எழுந்துகொண்டது.

உள்ளே பார்த்த காட்சியை மறக்க மாட்டேன். ஓரத்தில் ஒரு பித்தளைப் பம்பரம். நிஜமாகவே பம்பர வடிவம்தான்: அடி அகலம், நுனி ஒடுக்கம், உடம்பைச் சுற்றி வரிவரியாகப் பள்ளம். பம்பரத்தில் சாட்டை சுற்றுவது போல அந்தப் பள்ளத்தில் ஒரு சங்கிலி சுற்றியிருந்தது. சைக்கிள் செயின் எப்படி இருக்குமோ அதே அமைப்பு, ஆனால் தடித்த நூல் மொத்தம்தான். சங்கிலியின் மறுமுனை பக்கத்தில் இருக்கும் உருளையில் மாட்டியிருந்தது. அந்த உருளைக்குள்தான் மெயின் ஸ்பிரிங் சுருண்டு கிடக்கிறது.

இது எதற்கு? ஸ்பிரிங் முழுக்கச் சுருண்டிருக்கும்போது பலமாக இழுக்கும், அவிழ அவிழ இழுப்பு குறையும். அந்த இழுப்பை அப்படியே சக்கரங்களுக்குக் கொடுத்தால் கடிகாரம் காலையில் ஒரு மாதிரியும் ராத்திரி ஒரு மாதிரியும் ஓடும். அதனால், ஸ்பிரிங் பலமாக இருக்கும்போது சங்கிலி பம்பரத்தின் ஒடுங்கின நுனியைப் பிடித்து இழுக்கிறது. பலம் குறையக் குறைய அகலமான அடிப்பக்கத்துக்கு இறங்கி வருகிறது. குறுகலான இடத்தை இழுத்தால் சுழற்றும் விசை குறைவு, அகலமான இடத்தை இழுத்தால் அதிகம். ஸ்பிரிங்கின் ஏற்ற இறக்கத்தைப் பம்பரத்தின் வடிவம் சமன்செய்துவிடுகிறது. இதற்கு ஃபியூசி என்று பெயர். கணக்குப் போடும் இயந்திரம் எதுவும் இல்லாத காலத்தில் ஒரு வடிவத்தை வைத்தே இதைச் சாதித்திருக்கிறார்கள். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அதிசயமாகத்தான் இருக்கிறது.

இந்த மாதிரிச் சங்கிலிகளை 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் என்ற ஊரில் பெண்களும் சிறுமிகளும் கையால் கோர்த்தார்கள். வெறுங்கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கண்ணிகளை ஒன்றோடொன்று வைத்து ஆணி அடிக்கிற வேலை, கண் கெட்டுப்போகும். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றுகிற பெண்களின் விரல் வேகத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தச் சங்கிலியை லென்ஸில் பார்த்தபோது அந்த விரல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

இந்த ரகக் கடிகாரம் வீட்டில் இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். ஃபியூசி உள்ளதை வழக்கமாக இடப்பக்கமாகத் திருக வேண்டும், அதாவது முள் சுற்றுகிற திசைக்கு எதிராக. மற்றவை வலப்பக்கம். திசை தெரியாமல் வலுவாகத் திருகினால் உள்ளே ஏதாவது உடையும். முழுக்கச் சாவி ஏறியதும் பூட்டு விழுந்த மாதிரி டக்கென்று நிற்கும். அதற்குமேல் ஒரு நூலளவும் போகக் கூடாது.

பட்டாளத்துக்கு ஏன் கடிகாரம்

பட்டாளத்தில் கடிகாரம் அலங்காரத்துக்கு இல்லை. 1916 ஜூலை 1ஆம் தேதி காலை 7.30க்குப் பிரான்சில் சோம் ஆற்றங்கரையில் தாக்குதல் தொடங்கியபோது, மைல்கணக்கான அகழிகளில் அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்தபடி விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பீரங்கி முன்னால் சுட்டுக்கொண்டே நகரும், காலாட்படை அதன் பின்னாலேயே போகும். யாருடைய கடிகாரமாவது இரண்டு நிமிஷம் முந்திவிட்டால் சொந்தப் பீரங்கிக் குண்டே அவர்கள் தலையில் விழும். அதனால் தாக்குதலுக்கு முன் எல்லாருடைய கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வைப்பது ஒரு கட்டாயச் சடங்கு மாதிரி ஆனது.

அதே போர்தான் பாக்கெட் கடிகாரத்தின் செல்வாக்கையும் குறைத்தது. ஒரு கையில் துப்பாக்கி, இன்னொரு கையால் பையைத் துழாவிக் கடிகாரத்தை எடுத்து மூடியைத் திறந்து பார்ப்பது அகழியில் நடக்கிற காரியமா? சிறிய பாக்கெட் கடிகாரங்களுக்குக் கம்பிக் காது பற்றவைத்து, தோல் வார் போட்டு மணிக்கட்டில் கட்டினார்கள். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரிலேயே, அதாவது 1899 முதல் 1902 வரை, தோல் உறையில் கடிகாரத்தை வைத்து மணிக்கட்டில் கட்டுகிற வழக்கம் சிலரிடம் இருந்தது. முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் கைக்கடிகாரத்தோடு திரும்பினார்கள். அது ஆண்கள் அணிவதில்லை என்ற எண்ணமும் அதோடு போனது.

நம் ஊர்ச் சிப்பாய்க்கு இன்னொரு பாடமும் இருந்திருக்கும். அவர் வளர்ந்தது நாழிகைக் கணக்கில். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம், இரண்டரை நாழிகை ஒரு மணி. அதுவும் உள்ளூர்ச் சூரியனை வைத்து. 1876இல் திருநெல்வேலிக்கு ரயில் வந்தபோது அதோடு மதராஸ் நேரமும் வந்தது. மதராஸில் 1792இல் நிறுவிய வானாய்வுக்கூடத்தின் நேரத்தைத்தான் இந்திய ரயில்கள் பின்பற்றின. மதராஸுக்கும் திருநெல்வேலிக்கும் தீர்க்கரேகையில் இரண்டரை பாகை வித்தியாசம்; ஒரு பாகைக்கு 4 நிமிஷம். ஆக, நம் ஊர் உச்சிவெயில் மதராஸைவிடப் பத்து நிமிஷம் பிந்தித்தான் வரும். 1906இல் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் வந்தபோது இந்த வித்தியாசம் 19 நிமிஷம் ஆகிவிட்டது. பாக்கெட்டில் கடிகாரம் வைத்திருந்தவருக்குத்தான் இதெல்லாம் கண்ணில் பட்டிருக்கும்.

இருட்டிலும் மணி தெரிய வேண்டும் என்று டயலிலும் முள்ளிலும் ரேடியம் கலந்த பெயின்ட் பூசினார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. பைக்கில் ஒட்டுகிற ஸ்டிக்கரை நாம் 'ரேடியம் ஸ்டிக்கர்' என்கிறோம். அதில் ரேடியம் கிடையாது, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற தாள் அது. பழைய பட்டாளக் கடிகாரத்தில் இருப்பது உண்மையான ரேடியம். அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டு ஆகும். பெயின்ட் இப்போது மின்னாது. கூடச் சேர்த்த பொருள் கெட்டுவிட்டதால் மினுக்கம் மட்டும்தான் போயிருக்கிறது, ரேடியம் அப்படியே இருக்கிறது. எண்கள் தடிப்பாக, மஞ்சளோ பழுப்போ ஏறிய பெயின்ட்டில் இருந்தால் கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அந்தத் தூள் மூக்குக்கோ வாய்க்கோ போவதுதான் ஆபத்து. ரிப்பேர்க்காரரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் கடிகாரம் வெள்ளை எனாமல் முகத்தில் கறுப்பு ரோமன் எண் உள்ளது, அதனால் அந்தப் பயம் இல்லை.

எழுத்தை நம்பலாமா

பின்மூடியின் வெளிப்பக்கத்தில், கேடயம் மாதிரி ஒரு சின்ன வட்டத்துக்குள், மூன்று ஆங்கில எழுத்துகள் பின்னிப் பிணைந்து இருந்தன. கைதேர்ந்த செதுக்கு வேலை. பூட்டனின் பெயரோடு அதில் ஓர் எழுத்துகூடப் பொருந்தவில்லை. மூடியின் உள்ளே, முத்திரைகளுக்குக் கீழே, வேறொரு கை ஆங்கிலத்தில் 'பஸ்ரா 1917' என்று கீறியிருந்தது. ஆணி முனையாலோ பேனாக்கத்தியாலோ கீறியது. 9இன் வால் நழுவி இழுத்துக்கொண்டு போயிருந்தது.

இங்கேதான் நிதானம் வேண்டும். கடிகாரம் செய்த ஆண்டு வேறு, எழுத்து விழுந்த ஆண்டு வேறு, கை மாறிய ஆண்டு வேறு. 1890களில் செய்து, யாரோ ஒருவர் பெயருக்காகச் செதுக்கிய கடிகாரம், 1917இல் பஸ்ராவில் வேறொருவர் கையில் இருந்தது என்பதுவரைதான் வெள்ளி சொல்கிறது. பஸ்ரா மெசபடோமியாப் போரின் துறைமுகம். டைகிரிஸ் ஆற்றில் மேலே போகும் படகுகளும், திரும்பி வரும் காயம்பட்டவர்களும் அங்கேதான் கூடுவார்கள். 1916 ஏப்ரலில் கூட் நகரில் முற்றுகைக்குள் சிக்கிய பிரிட்டிஷ் இந்தியப் படை துருக்கியரிடம் சரணடைந்தது; 1917 மார்ச்சில் பாக்தாத் பிடிபட்டது. இந்தியாவிலிருந்து வெளிநாடு போன படையின் மிகப் பெரிய பங்கு அந்த மண்ணுக்குத்தான் போனது. ராணுவத்தின் பொறியியல் பிரிவான நம் மதராஸ் சாப்பர்ஸ் அங்கே பாலம் கட்டியும் பாதை போட்டும் வேலை பார்த்தார்கள். சிப்பாய்களோடு சுமை தூக்குகிறவர்கள், கூலிப்படையினர், சமையற்காரர்கள் என்று எத்தனையோ பேர்.

விற்பவர்கள் செய்கிற தந்திரம் ஒன்றும் உண்டு. வெறுமையான முதுகுள்ள கடிகாரத்தில் புதிதாக அம்பும் படைப்பிரிவுப் பெயரும் வெட்டிப் 'போர்க் கடிகாரம்' என்று விலையைக் கூட்டுவார்கள். லென்ஸில் பாருங்கள். பழைய செதுக்கலின் விளிம்பு, பை துணியில் உரசி உரசி மழுங்கியிருக்கும். பள்ளத்துக்குள் கறுப்பு ஏறியிருக்கும். மேலே ஓடும் மெல்லிய கீறல்கள் எழுத்தையும் தாண்டிப் போகும். புது வெட்டு கூராக, உள்ளே பளிச்சென்று இருக்கும். பின்பக்கத்தில் ரயில் எஞ்சின் படம் இருந்தால் ரயில்வே கடிகாரம் என்றும் முடிவுகட்ட வேண்டாம். மலிவான கடிகாரங்களில் அழகுக்காக எஞ்சின் படம் போடுவது அந்தக் காலத்தில் சாதாரணம்.

திருநீறு வேண்டாம்

எங்கள் கடிகாரத்தின் ஆண்டு எழுத்து ஏன் பாதி தேய்ந்தது தெரியுமா? ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் ஆச்சி அதைத் திருநீறு போட்டுத் தேய்த்து, பொட்டு வைத்துப் படியில் வைப்பாள். குத்துவிளக்கும் சந்தனக் கிண்ணமும் போல அதையும் பாவித்தாள். அது அவளுடைய மரியாதை. ஆனால் திருநீறு, பல்பொடி, சாம்பல் எல்லாமே மிக நைசான உப்புத்தாள் மாதிரி. அறுபது வருஷம் தேய்த்தால் சிங்கமே காணாமல் போகும்.

வெள்ளி கறுப்பது காற்றில் இருக்கும் கந்தகத்தால். அந்தக் கறுப்பு வெள்ளியைக் கெடுத்துவிடாது, எழுத்தைத் தெளிவாகக் காட்டவும் செய்யும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். நகைக்கடையில் வெள்ளிக் கொலுசை முக்கி எடுக்கிற திரவத்தில் கடிகாரத்தை முக்கவே கூடாது. ஈரம் கீல் வழியாக உள்ளே போய் எஃகுச் சாமான்களில் துரு பிடிக்கும். ரப்பர் பேண்ட் போட்டு வைக்காதீர்கள், ரப்பரில் கந்தகம் உண்டு. ஆனி ஆடிச் சாரலில் தென்காசி, அம்பை பக்கமெல்லாம் சுவரே வியர்க்கும். அந்த மாதங்களில் மூடியுள்ள டப்பாவில், புது மருந்து பாட்டிலோடு வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

தையல் மிஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடுவதும் வேண்டாம். கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். காய்ந்த எண்ணெயோடு ஓட்டினாலும் அச்சு தேயும். அதனால் ஓடுகிறதா என்று பார்க்கத் தினமும் சாவி கொடுப்பதைவிட, ஒருமுறை முழுக்கப் பிரித்துக் கழுவி எண்ணெய் போடக் கொடுப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட எனக்கு மனம் பதறுவது ஒரு விஷயத்தில். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இப்படிப்பட்ட கடிகாரங்கள் எடைக்குப் போகின்றன. கூட்டைக் கழற்றி உருக்கிவிட்டு, மெஷினைக் குப்பையில் போடுகிறார்கள். கூடு போனால் முத்திரை போயிற்று, ஆணியால் கீறிய ஊர்ப்பெயர் போயிற்று. விற்கத்தான் வேண்டும் என்றால்கூட, உருக்குகிறவரிடம் கொடுக்காமல் கடிகாரம் சேர்க்கிறவரிடம் கொடுங்கள். அதற்கு முன் முத்திரைகளை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் கழித்து அண்ணாச்சி போனில் கூப்பிட்டார். அத்தையும் கூட வந்தாள். மேசையில் விரித்த வெள்ளைத் துணி மேல் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் குவார்ட்ஸ் கடிகாரத்தின் சத்தம் மாதிரி இல்லை, விநாடிக்கு நான்கைந்து முறை, சின்னக் கோழிக்குஞ்சு கொத்துவது போல. அத்தை காதில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

"சர்க்கார் குடுத்தது இல்லையாமே, அண்ணாச்சி?" என்று கேட்டாள் கடைசியில்.

"இல்லம்மா. ஆனா உங்க தாத்தா இத எவ்வளவு பத்திரமா வச்சிருந்தாருன்னு சொல்லுதேன், பாருங்க."

பின்மூடியைத் திறந்து லென்ஸை அத்தையிடம் கொடுத்தார். மூடியின் ஓரத்தில், 'பஸ்ரா 1917'க்கு எதிர்ப்புறம், ஊசியால் இட்ட மிகச் சிறிய கீறல்கள். ரிப்பேர் பார்ப்பவர்கள் ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் தங்கள் கணக்குக்காக உள்ளே ஒரு குறி போடுவது அந்தக் கால வழக்கம் என்றார். மூன்று குறிகள் இருந்தன. இரண்டு ஆங்கில எண். மூன்றாவதை நான் முதலில் கோணல்மாணலான கிறுக்கல் என்றே நினைத்திருந்தேன். அத்தைதான் படித்தாள். அவளுடைய அப்பா பழைய கணக்கு நோட்டு எழுதுவதைப் பார்த்தவள்.

"இது தமிழ் நம்பர்லா. ௩௪. முப்பத்திநாலு."

"அதான். நம்ம ஊருல யாரோ பாத்திருக்காவ" என்றார் அண்ணாச்சி. பிறகு தன் நோட்டை எடுத்து அன்றைய தேதியையும் எங்கள் கடிகாரத்தின் எண்ணையும் எழுதிக்கொண்டார். இப்போதெல்லாம் கூட்டில் கீறுவதில்லையாம். அத்தை நோட்டையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்களும் ஒண்ணு போடுங்களேன்" என்றாள்.

அவர் டிராயரைத் திறந்து ஊசியைத் தேடினார்.